ஒண்டுமில்ல என்று சொல்லாத மிஸ்

கல்முனைக்குடி மீன் சந்தையில் ஒரு நாள் நடந்ததை முதலில் சொல்கிறேன். அதைச் சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

ஒரு பாரை மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது இன்றைக்குப் பிடித்ததா என்று மிஸ் கேட்டார். விடிய சுபஹுத் தொழுகையோடு கரைக்கு வந்த மீன் மிஸ் என்றார் மீன்காரர். நீங்கள் பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வி. நான் எங்கே பார்க்கிறது, மச்சான்தானே கடலுக்குப் போனவர் என்று மீன்காரர் சிரித்தார். "அப்ப உங்களுக்குத் தெரியாது" என்றார் அவர். கோபமுமில்லை, கேலியுமில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருக்கிறது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காசைக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் ஊரில் மீன்காரரோடு விலைக்குச் சண்டை பிடிக்கலாம், அது வழமை. அவருடைய வாய்ச்சொல்லைத் தராசில் போட்டு நிறுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

எல்லாவற்றிலும் அப்படித்தான். தண்ணீர் கொதித்துவிட்டதா மிஸ் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டால், எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். மழை வருமா என்று கேட்டால் முற்றத்தில் இறங்கிக் கடல் பக்கம் பார்ப்பார். "இப்ப இல்ல" என்பார். நாளைக்கு என்று கேட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்பார். இந்த மனுஷியோடு குடித்தனம் நடத்திய புருஷனுக்குச் சுவர்க்கம் நிச்சயம் என்று நான் என் ராத்தாவிடம், அதாவது அக்காவிடம், சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஊரில் அவரை லைட் மிஸ் என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால், என்னைக் கேட்டீர்களா என்று ஃபோன் எடுப்பார். திருக்கோவில் பக்கத்துத் தமிழ் மனுஷி, நாங்கள் கல்முனைக்குடி முஸ்லிம்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலேயே தலை நரைத்து பென்ஷன் எடுத்தவர். பிறகு ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள், பெண்களின் மார்பை வெளிச்சத்தால் பார்க்கிற ஒரு மெஷினைக் கொடுத்து, ஊரூராய்க் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று அவரை அனுப்பினார்கள்.

அந்த மெஷின் வந்து இறங்கியது என் வீட்டில்.

நான் தையற்காரி. கல்முனைக்குடியில் என்னிடம் அளவு கொடுக்காத பெண்கள் குறைவு. என் தையல் அறைக்குள் ஆம்பிளைக் காற்றே வராது. வாசலுக்குத் தடித்த திரை, ஜன்னலுக்குப் பலகைக் கதவு. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் யார் கண்ணில் படுவோமோ என்று பயப்படுகிற பெண், என் வீட்டுக்கு ஹபாயா தைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம். இதை லைட் மிஸ்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் அளவு கொடுக்கிற சாட்டில் வந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இந்த இருட்டு காணும், இதுக்கு மேல வேணாம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேயோட்ட வந்தவரோ என்றுகூட நினைத்தேன்.

மெஷின் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெட்டி, கையில் பிடிக்கிற ஒரு விளக்கு, ஒரு சின்னக் கமரா, ஒரு கணினி. விளக்கை மார்பின் கீழே ஒட்டிப் பிடிப்பார். மேலே இருக்கிற கமரா, சதைக்குள்ளால் வருகிற வெளிச்சத்தைப் பிடித்துத் திரையில் காட்டும். நசுக்காது, நோகாது, சுடாது. எக்ஸ்ரே கதிரும் இல்லை. அது செங்கீழ் ஒளியாம். சிவப்புக்கு அடுத்து இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். முதல் நாள் வந்த பெண்களுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். லைட் எரியவில்லையே மிஸ், கரண்ட் இல்லையா என்று கேட்டார்கள்.

எங்களுக்கு அவர் விளக்கப்படுத்தினது இப்படித்தான். சின்ன வயதில் டோர்ச் லைட்டை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தால் கை சிவப்பாகத் தெரியுமே, அதே கதைதான். சதைக்குள்ளால் வெளிச்சம் வரும், இரத்தம் அதைக் குடித்துவிடும். இரத்தம் கூடின இடம் கறுப்பாய்த் தெரியும். கெட்ட கட்டி தனக்கென்று இரத்தத்தை இழுத்து வைத்துக்கொள்கிற சாமான், அதனால் அங்கே ஒரு நிழல் விழலாம். ஆனால் அடிபட்ட கண்டலும் நிழலாகத் தெரியும், பால் கட்டினாலும் தெரியும். ஆழத்தில் கிடக்கிற கட்டி தெரியாமலும் போகும். நிழல் தெரிந்தால் பயந்து சாகவும் வேண்டாம், தெரியாவிட்டால் காலை நீட்டிப் படுக்கவும் வேண்டாம் என்பார்.

இதுதான் பிரச்சினை. எங்கள் ஊருக்குத் தேவை காலை நீட்டிப் படுக்க ஒரு சொல்.

அந்தச் சொல் "ஒண்டுமில்ல". பிள்ளை விழுந்து முழங்காலை உடைத்தால் ஒண்டுமில்ல. காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தால் ஒண்டுமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆளிடம் டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், ஒண்டுமில்லயாம். சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது, ஆனால் இரண்டு பேருக்கும் நெஞ்சு குளிர்ந்துவிடும். லைட் மிஸ்ஸிடம் வந்த பெண்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தார்கள். சிலர் வெளிச்சம் பிடித்தால் கட்டி கரையும் என்று நம்பி, ஓதிப் பார்க்கப் போகிற மாதிரி கை கால் முகம் கழுவி உளூச் செய்துகொண்டுகூட வந்தார்கள். அவர் படத்தைக் காட்டி, "இதுல நிழல் தெரியல்ல. மாதத்துக்கு ஒருக்கா நீங்களே தடவிப் பாருங்க. ஏதும் தட்டுப்பட்டா இந்தப் படத்த நம்பி இருந்திராதீங்க" என்பார். அப்போ ஒண்டுமில்லதானே மிஸ் என்று பெண் கெஞ்சும். அவர் சொன்னதையே திரும்பச் சொல்வார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க முடியாது.

அதனால் வந்த வினையையும் சொல்லத்தான் வேண்டும். பால் கொடுக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்கு நிழல் தெரிந்தது. பால் கட்டினதாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். அந்தப் பிள்ளை போய்க் காட்டி முடிவு தெரியும்வரை உண்ணவில்லை, உறங்கவில்லை. கடைசியில் பால் கட்டினதுதான். அதன் மாமி என் வீட்டு வாசலில் நின்று, வாய்க்கு வந்தபடி ஏசினா. ஒரு சொல் ஆறுதலாகச் சொல்லத் தெரியாதவளை வீட்டுக்குள் ஏற்றி வைத்திருக்கிறாய் என்று எனக்கும் விழுந்தது. பொல்லைக் கொடுத்து அடி வாங்கின கதை. லைட் மிஸ் அதைக் கேட்டு முகம் கறுத்துப்போய் இருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போனார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை பால் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

அந்த நாட்களில்தான் எங்கள் மச்சான் மௌத்தானார்.

மச்சான் என்றால் என் ராத்தாவின் கணவர். வாப்பா எங்கள் இருவருக்கும் ஒரே வளவில் வீடு கட்டித் தந்தவர். என் குசினியில் தாளித்தால் ராத்தா வீட்டில் தும்முவார்கள். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்வு என்றோம். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தோம். ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல என்று முதுகைத் தடவினோம். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முன்னால் உயிர் போய்விட்டது.

ராத்தா இத்தா இருந்தா. கணவன் மௌத்தானால் எங்களில் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆம்பிளைகளின் கண்ணில் படக்கூடாது, வாசல் தாண்டக்கூடாது. வெள்ளை உடுத்து, ஜன்னலுக்குத் துணி கட்டின அறையில் ராத்தா தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தா. ஒரு பகல், நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது, என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தா. உள்ளே ஏதோ ஒன்று, புளியங்கொட்டை அளவில், அசையாமல் கிடந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். மச்சான் இருக்கும்போதே தெரியுமாம். இத்தா முடியட்டும், பார்ப்போம் என்றா. இத்தாவில் இருக்கிறவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் காறித் துப்பும், மௌத்தானவருக்கும் பாவம் என்று அவவுக்கு எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் உம்மா அப்படித்தான் இருந்தா, உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி, அப்படித்தான் இருந்தா.

ஆனால் லைட் வீட்டுக்குள் வருமே! வாசல் தாண்டத் தேவையில்லை, ஆம்பிளை டொக்டர் தேவையில்லை, அறை ஏற்கனவே இருட்டு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் ராத்தா நிம்மதியாக இத்தாவை முடிக்கலாம் என்பது என் கணக்கு.

லைட் மிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தார். இரண்டு பக்கமும், திருப்பித் திருப்பி, கனநேரம் பார்த்தார். திரையில் இலை நரம்பு மாதிரி இரத்தக் குழாய்கள் தெரிந்தன. நிழல் ஒன்றுமில்லை. ராத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணை மூடினா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கே தட்டுப்படுகிறது என்று மிஸ் கேட்டார். ராத்தா காட்டினா. அவர் விளக்கை வைத்துவிட்டு, கையால் தொட்டுப் பார்த்தார்.

"லைட்டுக்குத் தெரியல்ல, ராத்தா. ஆனா உங்கட விரலுக்குத் தெரியுது. ரெண்டுல நான் விரலத்தான் நம்புவன். ஆஸ்பத்திரிக்குப் போகணும். இத்தா முடியுமட்டும் வச்சிருக்க ஏலாது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மிஸ்ஸைத் திரைக்கு வெளியே இழுத்துக்கொண்டுபோய் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். உங்கள் மெஷினே ஒன்றுமில்லை என்கிறது, உங்கள் வாய்தான் இருக்கிறது என்கிறது. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற மனுஷியிடம் ஒண்டுமில்ல என்று ஒரு சொல் சொன்னால் உங்கள் வாயில் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றார்.

திரைக்கு உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"அவருக்கும் ஒண்டுமில்லண்டுதானேகா எல்லாரும் சொன்ன."

நான் திரையை விலக்கிப் போய் ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிஸ்ஸும் பின்னால் வந்தார்.

மிஸ்தான் முதலில் கதைத்தார். இத்தாவில் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டார். எல்லோரும்தான் என்றேன். யாரிடமாவது கேட்டீர்களா என்றார். உம்மாவும் கேட்டதில்லை, சாச்சியும் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒருத்தியும் கேட்காத கேள்வி. "எனக்கு உங்கட மார்க்கம் தெரியாது. தெரிஞ்ச ஆளிட்டப் போய்க் கேப்பம், வாங்க" என்று குடையை எடுத்தார்.

மௌலவியின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவருடைய மனைவி எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினா. மௌலவி திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, "வருத்தத்துக்கு மருந்து செய்யப் போறதுக்கு இத்தா தடையில்ல. யார் ஏலாதெண்டு சொன்ன?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிடைத்தது போதும் என்று எழும்பவும் பார்த்தேன். மிஸ் எழும்பவில்லை. "ஐயா, குறை நினைக்காதீங்க. இது ஞாபகத்துல சொல்றதா, கிதாபுல பாத்துச் சொல்றதா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். திரைக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிதாபை எடுத்து வந்து, உரிய இடத்தைப் பிடித்து அரபியில் வாசித்து, தமிழில் கருத்துச் சொன்னார். வேறு பெண்களும் இப்படி அடைந்து கிடப்பார்களோ என்று கேட்டுவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் இதைச் சொல்கிறேன் என்றார். சொன்னார்.

அடுத்த நாள் ராத்தா ஹபாயாவுக்கு மேலே முகத்தையும் மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினா. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். பரவுவதற்கு முன்னால் பிடிபட்டது, இத்தா முடியட்டும் என்று இருந்திருந்தால் கதை வேறு என்றார் டொக்டர். இடது மார்பை எடுத்தார்கள். காயம் ஆற ஆற, மிச்ச இத்தாவையும் ராத்தா அதே அறையில் இருந்து முடித்தா. நான் மேல்சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பஞ்சு கூடிட்டுகா, குமரி மாதிரி இரிக்கி, குறை" என்றா. மச்சான் போன பிறகு ராத்தா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆராய்ச்சி முடிந்து மெஷினைத் திரும்பக் கொண்டுபோனார்கள். லைட் மிஸ்ஸும் திருக்கோவிலோடு இருந்துவிட்டார். புருஷனும் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாடு. ராத்தா ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்து அவருக்கு ஃபோன் எடுப்பா. யார் பார்த்தது, கையாலும் பார்த்தார்களா, படம் எடுத்தார்களா என்று அந்தப் பக்கத்திலிருந்து விசாரணை நடக்கும். எல்லாம் கேட்டு முடித்து, "அப்ப சரி" என்பார். அவ்வளவுதான். வருடங்கள் ஓடியும் அந்தச் சொல்லை ராத்தாவுக்கு அவர் கொடுக்கவே இல்லை. பரம கஞ்சம் என்று ராத்தா சிரிப்பா.

இந்த நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு, இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ராத்தா என் தையல் அறையில் உட்கார்ந்து ஃபோனைச் சத்தமாகப் போட்டு அவருக்குச் சொன்னா. வழமையான விசாரணை நடந்தது. அப்ப சரி என்றார். குரல் கொஞ்சம் களைத்திருந்தது. உங்கள் உடம்பு எப்படி மிஸ் என்று ராத்தா கேட்டா.

"எனக்கு ஒண்டுமில்ல" என்றார் லைட் மிஸ்.

என் கால் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டது. ராத்தா என்னைப் பார்த்தா. நான் ராத்தாவைப் பார்த்தேன். ஃபோன் வைத்தாகிவிட்டது. மீனின் செவுளைக்கூடப் பார்க்காமல் வாய் திறக்காத மனுஷி. கொதிக்கிற தண்ணீரைக்கூட எழுந்துபோய்ப் பார்க்கிற மனுஷி.

"உன்ட ஹபாயாவ எடுகா" என்றா ராத்தா.

அக்கரைப்பற்றுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருக்கோவிலுக்கு ஒரு பஸ். வழி நெடுக ராத்தா தஸ்பீஹை உருட்டிக்கொண்டு வந்தா. மிஸ் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். என்ன இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் என்று கேட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். ராத்தா உட்காரவில்லை.

"ஒண்டுமில்லண்டு சொன்னீங்க. பாத்தீங்களா மிஸ்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடியவே இல்லை. பிறகு கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, ராத்தாவின் கையைப் பிடித்துத் தன் வலது மார்பின் மேல் வைத்தார்.

"எத்தினையோ பேருக்குச் சொன்னனான்" என்றார். "என்ட விரல மட்டும் எனக்கு நம்ப மனம் வரல்ல, ராத்தா. பயமாக் கிடக்கு."

ராத்தாவின் விரல்கள் மெல்ல அசைந்து ஓரிடத்தில் நின்றன. எனக்கு நாக்கு துடித்தது. அந்தச் சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவரைக் கட்டிப்பிடித்து ஒண்டுமில்ல மிஸ் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இரிக்கி மிஸ்" என்றா ராத்தா. கையை எடுக்கவில்லை. "வாங்க, போவம். நான் வாறன் உங்களோட."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். நான் ஓட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். அடுப்பு அணைந்திருக்கிறது மிஸ், நான் பார்த்தேன், ஏறுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்ப் பார்த்து வந்துதான் கதவைப் பூட்டினார்.